டிக்கெட்டில் உள்ளது எந்த ஊர் நேரம்?

(சந்தாபுராவில் கற்போர் கூட்டத்தில் நடந்த பேச்சு)

 

இன்றைக்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். பெரிய கணக்கு இல்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பெங்களூருக்கும் அமெரிக்காவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகருக்கும் இடையே ஏர் இந்தியா நிறுவனம் நேரடி விமானம் விட்டது. நடுவில் எங்கும் இறங்காத விமானம். அதன் அட்டவணையில் இப்படி இருந்தது:

பெங்களூரில் புறப்படும் நேரம்: மதியம் 2.30.
சான் பிரான்சிஸ்கோவில் சேரும் நேரம்: அதே நாள் மாலை 5.00.

கழித்துப் பாருங்கள். எவ்வளவு வருகிறது? இரண்டரை மணி நேரம்.

இது எப்படி? இங்கே சந்தாபுராவில் பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டித் தர்மபுரி போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அமெரிக்கா அவ்வளவு பக்கத்திலா இருக்கிறது?

இல்லை. அந்த விமானம் பறக்க வேண்டிய நேரம் 16 மணி.

அப்படியானால் அட்டவணை பொய்யா? அதுவும் இல்லை. 2.30 என்பது பெங்களூர்க் கடிகாரம். 5.00 என்பது சான் பிரான்சிஸ்கோ கடிகாரம். ஓர் ஊர்க் கடிகாரத்திலிருந்து இன்னோர் ஊர்க் கடிகாரத்தைக் கழித்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் சேர்த்துக் கழிக்க முடியுமா?

"அமெரிக்கா போகிறவர்கள் கவலைப்படட்டும், நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் வேலை பழகிய பிள்ளைகள் துபாய் போகிறார்கள், சிங்கப்பூர் போகிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அமெரிக்கா வரை போகிறார்கள். வழியனுப்புவது யார்? வீட்டில் உள்ளவர்கள்தான். திரும்பி வரும்போது அழைத்துவரப் போவதும் அவர்கள்தான். டிக்கெட்டில் உள்ள நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் விமானம் போய்விடும். கடன் வாங்கிக் கட்டிய பணமும் போய்விடும். சில சமயம் கிடைத்த வேலையே போய்விடும். அதனால்தான் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வேண்டும்.

முதலில் தூரத்தைப் பார்க்கலாம்.

சந்தாபுராவிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம்? கெம்பேகவுடா விமான நிலையம் தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் திறந்தார்கள். அதற்கு முன் வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குத்தான் போனார்கள். சந்தாபுரா ஊருக்குத் தெற்கே. தேவனஹள்ளி ஊருக்கு வடக்கே. ஒரு நூலை நேராகப் பிடித்து அளந்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் சாலை நேராகப் போவதில்லை. சில்க் போர்டு, ஹெப்பாள் என்று சுற்றிப் போக வேண்டும். சாலை வழி சுமார் 60 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரம் வேண்டும். சாயங்கால நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நேர்க்கோட்டுத் தூரம் ஒன்று. போகிற வழியின் தூரம் இன்னொன்று. ஆகும் நேரம் மூன்றாவது. மூன்றும் வேறு வேறு. விமானத்துக்கும் இதே கதைதான்.

பூமி உருண்டையானது. வீட்டில் ஒரு பந்து இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் என்று ஒரு புள்ளி வையுங்கள். சான் பிரான்சிஸ்கோ பந்தின் ஏறக்குறைய மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி வையுங்கள். இப்போது இரண்டு புள்ளிகளையும் ஒரு நூலால் இழுத்துச் சேருங்கள். நூலை இடப்பக்கமாகச் சுற்றலாம். வலப்பக்கமாகவும் சுற்றலாம். ஆனால் மிகக் குறைந்த நூல் எந்த வழியில் பிடிக்கும்? பந்தின் உச்சிக்குப் பக்கமாகப் போகிற வழியில்தான். பூமியில் அந்த உச்சிதான் வட துருவம். எங்கும் பனியும் உறைந்த கடலுமாக இருக்கும் இடம்.

அந்தக் குறுக்கு வழியில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 40,000 கிலோமீட்டர். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே!

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் ஏர் இந்தியா விமானம் இந்தத் துருவப் பக்கமாகத்தான் வந்தது. அதை ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமை ஏற்றார். தன்மயி பாபாகரி, ஆகாங்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் என்ற மூன்று பெண் விமானிகள் அவருடன் இருந்தார்கள். வண்டி ஓட்டுவதே ஆண்கள் வேலை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. நான்கு பெண்கள் உலகத்தின் உச்சிப் பக்கமாக விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து பெங்களூரில் இறக்கினார்கள்.

அந்த விமானம் கடந்த வழி சுமார் 16,000 கிலோமீட்டர் என்று அப்போது செய்தி வந்தது. நூல் காட்டிய தூரம் 14,000. விமானம் வந்தது 16,000. ஏன் இந்த வித்தியாசம்? வானத்திலும் வழி உண்டு. எதிர்க்காற்று பலமாக இருந்தால் விலகிப் போக வேண்டும். அவசரம் என்றால் இறங்க விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சில நாடுகள் தங்கள் வானத்தில் பறக்க விடுவதில்லை. 2025 ஏப்ரல் மாதம் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. உடனே தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்தது. ஊர் நகரவில்லை. தூரம் மட்டும் கூடிவிட்டது.

காற்றும் நேரத்தை மாற்றும். மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் விமானம் சீக்கிரம் போகும். எதிரே வீசினால் தாமதமாகும். சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். அதனால் ஒரே இரண்டு ஊர்தான் என்றாலும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆகும்.

இனி கடிகாரத்துக்கு வரலாம்.

பூமி ஒரு நாளில் ஒரு முறை தன்னைத் தானே சுற்றுகிறது. மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. சூரியன் பக்கம் திரும்பிய இடத்தில் பகல். மறுபக்கம் இரவு. கிழக்கே உள்ள ஊருக்கு முதலில் விடிகிறது. மேற்கே உள்ள ஊருக்குப் பிறகு விடிகிறது. எல்லா ஊரிலும் ஒரே கடிகாரம் வைத்தால் என்ன ஆகும்? ஓர் ஊரில் காலை 6 மணிக்கு விடியும். இன்னோர் ஊரில் நள்ளிரவு என்று கடிகாரம் காட்டும்போது விடியும். அது சரிப்படாது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் இடத்துக்கு ஏற்றபடி கடிகாரத்தை வைத்துக்கொண்டது.

இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் போனால் மாநிலம் மாறும், பேச்சு மாறும். கடிகாரம் மாறாது. தில்லி போனாலும் மாறாது. கடல் தாண்டி வேறு நாட்டுக்குப் போனால் பெரும்பாலும் மாறும்.

இந்த மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. அங்கே கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

துபாய் மேற்கே இருக்கிறது. அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

சான் பிரான்சிஸ்கோ வெகு தூரம். அங்கே பனிக்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அப்போது பன்னிரண்டரை மணி நேரம் பின்னால்.

இதை வைத்து முதல் கணக்கை முடிக்கலாம். பெங்களூரில் மதியம் 2.30-க்குக் கிளம்புகிறது. 16 மணி நேரம் பறக்கிறது. அப்போது பெங்களூரில் மறுநாள் காலை 6.30. அதிலிருந்து பதின்மூன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். முதல் நாள் மாலை 5.00. அட்டவணையில் அச்சிட்டதும் அதுதான்!

திரும்பி வருவதையும் பாருங்கள். முதல் விமானம் அட்டவணைப்படி சான் பிரான்சிஸ்கோவில் ஜனவரி 9-ஆம் தேதி இரவு 8.30-க்குக் கிளம்ப வேண்டும். பெங்களூரில் ஜனவரி 11-ஆம் தேதி அதிகாலை 3.45-க்குச் சேர வேண்டும். போகும்போது இரண்டரை மணி நேரம் போலத் தெரிந்தது. வரும்போது 31 மணி நேரத்துக்கும் மேல் ஆவது போலத் தெரிகிறது! பதின்மூன்றரையைக் கழித்தால் 17 மணி 45 நிமிடம். அதுதான் பறக்கும் நேரம். நடுவில் 10-ஆம் தேதி வானத்திலேயே கழிந்துவிட்டது.

இப்போது நம் தெருவுக்கு வரலாம். ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தாபுராவில் குடியிருக்கிறார். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. மகனுக்குத் துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. டிக்கெட் வந்துவிட்டது. அதில் "15 மார்ச், 00.40" என்று இருக்கிறது.

அம்மா என்ன நினைப்பார்? "15-ஆம் தேதி ராத்திரி விமானம். 15-ஆம் தேதி சாயங்காலம் கிளம்பலாம்" என்று நினைப்பார். படித்தவர்களே சிலர் இப்படி ஏமாந்து போகிறார்கள்.

டிக்கெட்டில் 24 மணிக் கடிகாரம் போடுவார்கள். நள்ளிரவு 12 மணி என்பது அதில் 00.00. அங்கேதான் புதிய தேதி பிறக்கிறது. "15 மார்ச், 00.40" என்றால் 15-ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடம் ஆன நேரம். அதாவது 14-ஆம் தேதி சாப்பிட்டுப் படுக்கிற அந்த ராத்திரிதான்! 15-ஆம் தேதி சாயங்காலம் மகன் பெட்டியோடு கிளம்பினால் என்ன ஆகும்? அவன் போக வேண்டிய விமானம் போய் ஏறக்குறைய முக்கால் நாள் ஆகியிருக்கும்.

சரி, அவன் எப்போது கிளம்ப வேண்டும்? பின்னாலிருந்து எண்ணுங்கள்.

விமானம் புறப்படுவது நள்ளிரவு 12.40.
வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அது இரவு 9.40.
சாயங்கால நெரிசலில் சாலைக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அது இரவு 7.10.
கையில் கொஞ்சம் நேரம் மிச்சம் வேண்டும். ஆக, 14-ஆம் தேதி மாலை 6.30-க்குச் சந்தாபுராவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏன் மூன்று மணி நேரம் முன்னதாக? பெட்டி எடை போடுவார்கள். குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் முத்திரை வைப்பார்கள். பாதுகாப்புச் சோதனை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை உண்டு. பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதன் பிறகு கெஞ்சினாலும் பயன் இல்லை. பஸ்ஸைப் போல ஓடிப்போய் ஏற முடியாது.

பெங்களூருக்கும் துபாய்க்கும் சுமார் 2,700 கிலோமீட்டர். பறக்க சுமார் நான்கு மணி நேரம். 00.40-க்குக் கிளம்பினால் இங்கே 4.40 ஆகும்போது இறங்குவான். ஒன்றரை மணி நேரம் கழித்தால் அங்கே அதிகாலை 3.10. டிக்கெட்டில் இந்த 3.10-தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து மகன் லீவில் வருகிறான். "20-ஆம் தேதி 22.00 மணிக்கு துபாயில் கிளம்புகிறேன், அம்மா" என்று போனில் சொல்கிறான். 22-லிருந்து 12-ஐக் கழித்தால் 10. இரவு பத்து மணி. ஆனால் அது துபாய் மணி. இங்கே அப்போது இரவு 11.30. நான்கு மணி நேரம் பறந்தால் 21-ஆம் தேதி அதிகாலை 3.30. அழைத்துவரப் போகிறவர்கள் 20-ஆம் தேதி இரவே வண்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும். "21-ஆம் தேதி வருகிறான்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்குக் கிளம்பினால், பிள்ளை பெட்டியோடு வெளியே காத்துக் கிடப்பான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில டிக்கெட்டுகள் மலிவாக இருக்கும். நடுவில் வேறோர் ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டியிருக்கும். அங்கே ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் கூடக் காத்திருக்க நேரும். பறக்கும் நேரம் வேறு. மொத்தப் பயண நேரம் வேறு. டிக்கெட் வாங்கித் தருகிறவரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நடுவில் எங்கே இறங்க வேண்டும்? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே போய்ச் சேர மொத்தம் எத்தனை மணி நேரம்?

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று சின்னதாகப் போட்டிருந்தால் மறுநாள் சேரும் என்று பொருள். "+2" என்றால் அதற்கும் அடுத்த நாள். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த ஒன்றில் ஒரு முழு நாள் அடங்கியிருக்கிறது.

விமான நேரங்களும் வழிகளும் அடிக்கடி மாறும். இந்த ஆண்டு ஓடுகிற விமானம் அடுத்த ஆண்டு ஓடாமல் போகலாம். அதனால் பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கையில் உள்ள டிக்கெட்டைப் பாருங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் விமானக் கம்பெனியிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் செய்வதற்கும் இந்தக் கணக்கு உதவும். இங்கே இரவு 8 மணிக்கு வேலை முடித்து உட்கார்ந்து பேச நினைக்கிறீர்கள். துபாயில் அப்போது மாலை 6.30. பிள்ளை வேலையிலிருந்து வரும் நேரம். சிங்கப்பூரில் இரவு 10.30. படுக்கப் போகும் நேரம். சான் பிரான்சிஸ்கோவில் பனிக்காலமானால் காலை 6.30. அப்போதுதான் எழுந்திருப்பார்கள். "பிள்ளை போன் எடுக்கவில்லையே" என்று மனம் பதறுவதற்கு முன், அங்கே என்ன மணி என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பேச்சை முடிக்கும் முன் எல்லோருக்கும் ஒரு கணக்கு. பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒரு விமானம் இங்கே 10-ஆம் தேதி 23.00 மணிக்குக் கிளம்புகிறது. நாலரை மணி நேரம் பறக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரப்படி எப்போது சேரும்? எந்தத் தேதி? பலகையில் எழுதிப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்தும் போடலாம்.

11-ஆம் தேதி காலை 6.00 மணி என்று வந்தால் உங்கள் விடை சரி. இனி உங்கள் வீட்டுக்கு ஒரு டிக்கெட் வந்தால் அதைப் படித்துச் சொல்ல அடுத்த வீட்டுக்காரரைத் தேட வேண்டாம். நீங்களே கையில் வாங்கிப் படியுங்கள். தேதியைப் பாருங்கள். மணியைப் பாருங்கள். எந்த ஊர் மணி என்று கேளுங்கள். பிறகு வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று.